கல்லீரல் புற்றுக்கு உள்ளிருந்தே சூடு: 3 செ.மீ. தாண்டினால் பலன் குறைவு
கொச்சி ஆய்வகத்தின் முயற்சியும், நோயாளிகள் தவறவிடும் காலமும்

கொச்சி: கொச்சி மாநகராட்சியின் தென்கோடியில், வேம்பநாட்டுக் காயலை ஒட்டி அமைந்துள்ளது இடக்கொச்சி. பாலத்தைக் கடந்தால் ஆலப்புழை மாவட்டத்தின் அரூர் வந்துவிடும். இறால், கணவாய் பதப்படுத்தி வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஆலைகள் நிறைந்த பகுதி இது. உறைய வைத்த சரக்கை மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் காக்க வேண்டும். சில டிகிரி ஏறினாலே சரக்கின் தரம் கெட்டுவிடும். எனவே, வெப்பமானியைப் பார்த்தபடியேதான் இங்கு தொழில் நடக்கிறது.

அங்கிருந்து சுமார் 20 கி.மீ. வடக்கே, இடப்பள்ளியை அடுத்துள்ள அமிர்தா மருத்துவ அறிவியல் நிறுவன வளாகத்தில் இதற்கு நேர்மாறான ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. மனித உடலின் உள்ளே, கல்லீரலில் வளரும் புற்றுக் கட்டியை மட்டும் சூடாக்கிக் கொல்வது எப்படி, அந்தச் சூட்டைச் சற்று விரிவாக்குவது எப்படி என்பதே அதன் நோக்கம். இங்கும் டிகிரிக் கணக்குதான். ஆனால், சில டிகிரி குறைந்தால் கட்டி பிழைத்துக்கொள்ளும். சூடு எல்லை தாண்டினால் நல்ல உறுப்பு வெந்துவிடும்.

உடலுக்குள் வெப்பத்தை உருவாக்குவது இன்று கடினமான காரியமல்ல. அதை வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் நிறுத்தி வைப்பதுதான் கடினம். புற்றுக் கட்டி சிறிதாக இருக்கும்போது அது முடிகிறது. பெரிதாகிவிட்டால் முடிவதில்லை. நம் நாட்டில் கல்லீரல் புற்றுநோயாளிகள் பலர் கட்டி பெரிதான பின்னரே மருத்துவமனைக்கு வருகின்றனர் என்பதுதான் இதில் உள்ள சோகம்.

வெப்பம் உண்டாவது எப்படி?

வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. அது உடலில் பாய்ந்தால் தசைகள் இழுத்துக்கொள்கின்றன, இதயம் நின்றுபோகலாம். ஆனால், விநாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்சாரம் தசைகளைத் துடிக்கச் செய்வதில்லை. இதை 1891-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி அர்சீன் தர்சோன்வால் எடுத்துக்காட்டினார். இந்தக் கண்டுபிடிப்பே உடலுக்குள் சூடு உண்டாக்கும் கருவிகள் பலவற்றுக்கும் அடிப்படை.

கல்லீரல் கட்டிக்கு அளிக்கப்படும் ரேடியோ அலை வெப்பச் சிகிச்சையில், அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி, நீண்ட ஊசி ஒன்று தோல் வழியாகக் கட்டியின் நடுவே செலுத்தப்படுகிறது. விநாடிக்கு 9 லட்சம் முதல் 10 லட்சம் முறை திசை மாறும் மின்னோட்டம் ஊசி முனையிலிருந்து புறப்பட்டு, நோயாளியின் தொடையில் ஒட்டப்பட்டுள்ள அகன்ற பட்டைகள் வழியாக வெளியேறுகிறது.

ஊசி சூடாவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. முனையைச் சுற்றியுள்ள திசுக்களில் இருக்கும் உப்பு அயனிகள், மின்னோட்டம் திசை மாறும்போதெல்லாம் முன்னும் பின்னும் அலைக்கழிக்கப்படுகின்றன. அந்த உராய்வில்தான் வெப்பம் பிறக்கிறது. அதாவது, சதையே தன்னைத்தான் சூடாக்கிக்கொள்கிறது. தொடையில் உள்ள பட்டை அகலமாக இருப்பதால் அங்கு மின்னோட்டம் பரவிச் சென்று, சூடு அதிகம் ஏறுவதில்லை. பட்டை சரியாக ஒட்டாவிட்டால் அங்கேயே தோல் வெந்துவிடும்.

50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 4 முதல் 6 நிமிடங்கள் வைத்திருந்தால் செல்கள் மீள முடியாத அளவுக்குச் சேதமடைகின்றன. 60 டிகிரியைத் தொட்டால் அநேகமாக உடனடியாக இறந்துவிடுகின்றன. அப்படியானால் 150 டிகிரிக்கு ஏற்றலாமே என்று தோன்றலாம். ஆனால், 100 டிகிரியைத் தாண்டும்போது திசுவில் உள்ள நீர் கொதித்து ஆவியாகிறது. ஊசியைச் சுற்றிச் சதை கருகி ஓடுபோலாகிறது. கருகிய சதையில் மின்சாரம் பாய்வதில்லை. எனவே, அதற்கு அப்பால் சூடு பரவாமல் நின்றுவிடுகிறது. அடுப்பில் தீ அதிகமானால் தோசை வெளியே கருகி உள்ளே வேகாமல் போவதைப் போன்றதுதான் இது.

நூறாண்டுப் பயணம்

நோயைச் சூட்டால் தீர்க்கும் எண்ணம் புதிதல்ல. சுஸ்ருதர் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூலில் சூடு போடும் முறைக்கெனத் தனி அத்தியாயமே உள்ளது. ஆனால், அந்தச் சூடு உடலின் வெளிப்புறத்திலிருந்து வைக்கப்பட்டது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1926-ம் ஆண்டு அக்டோபரில், மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங், வில்லியம் போவி உருவாக்கிய உயர் அதிர்வெண் மின்கருவியைப் பயன்படுத்தி ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தியபடி அறுவைச் சிகிச்சை செய்தார். இன்று உலகின் அறுவை அரங்குகளில் சாதாரணமாகக் காணப்படும் மின்கத்தி அவ்வழி வந்தது. கல்லீரலுக்குள் ஊசி செலுத்தி ரேடியோ அலையால் சூடாக்கலாம் என்பதை 1990-ல் அமெரிக்க, இத்தாலிய மருத்துவர் குழுக்கள் தனித்தனியே விலங்குகளில் செய்து காட்டின.

இதே தத்துவம் 1980-களிலேயே இதயத்துக்கும் வந்துவிட்டது. இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் கூடுதல் மின்பாதையை, ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தப்படும் மெல்லிய கம்பியின் முனையால் சுட்டு அழிப்பது இன்று இந்தியாவின் பெரிய இதய மருத்துவமனைகளில் வழக்கமான சிகிச்சை. அங்கே சுட வேண்டிய இடம் சில மில்லிமீட்டர்தான் என்பதால் பெரும்பாலும் வெற்றி கிடைக்கிறது. கல்லீரல் கட்டியில் நிலைமை அவ்வாறல்ல.

ரத்தமே தடை

கல்லீரல் ரத்தம் நிறைந்த உறுப்பு. கட்டிக்கு அருகே 3 மில்லிமீட்டருக்கும் பெரிய ரத்தக் குழாய் ஓடினால், 37 டிகிரியில் பாயும் ரத்தம், ஊசி உண்டாக்கும் சூட்டை அள்ளிச் சென்றுவிடுகிறது. கார் என்ஜினை ரேடியேட்டர் நீர் குளிர்விப்பதைப் போல, குழாயை ஒட்டியுள்ள புற்றுச் செல்கள் குளிர்ச்சியில் பிழைத்துக்கொள்கின்றன. பின்னர் நோய் திரும்புவது பெரும்பாலும் இத்தகைய ஓரங்களிலிருந்துதான்.

அளவும் ஒரு தடை. கட்டியை மட்டும் சுட்டால் போதாது. கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும் செல்களையும் சேர்த்து, சுற்றிலும் அரை முதல் ஒரு செ.மீ. வரை சுட வேண்டும். ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு, அதாவது 3 செ.மீ. குறுக்களவு உள்ள கட்டியின் கன அளவு சுமார் 14 மில்லி லிட்டர். அதுவே 6 செ.மீ. ஆக வளர்ந்தால் கன அளவு இரு மடங்காவதில்லை. எட்டு மடங்காகி 113 மில்லி லிட்டராகிறது. இதனால்தான், ரேடியோ அலைச் சிகிச்சை 3 செ.மீ. வரையுள்ள கட்டிகளுக்கே ஏற்றது என்று உலகெங்கும் பின்பற்றப்படும் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. எண்ணிக்கையும் மூன்றுக்கு மேல் இருக்கலாகாது.

மைக்ரோவேவ் ஊசிகள் வந்த பிறகு இந்த எல்லை ஓரளவு விரிந்துள்ளது. அவை நீர் மூலக்கூறுகளையே நேரடியாக அசைத்துச் சூடாக்குவதால், சதை கருகினாலும் சூடு நிற்பதில்லை. ரத்த ஓட்டத்தின் குளிர்ச்சியும் குறைவாகவே பாதிக்கிறது. ஆயினும், பித்தக் குழாய், குடல் ஆகியவற்றின் அருகே அந்தக் கூடுதல் வேகமே ஆபத்தாகவும் முடியலாம்.

சிறிய கட்டிகளைப் பொறுத்தவரை ஊசிச் சூடு அறுவைச் சிகிச்சைக்கு ஈடாகுமா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. சீனாவில் 180 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2006-ல் வெளியான ஆய்வு, உயிர் பிழைப்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்றது. அந்நாட்டிலேயே 230 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010-ல் வெளியான மற்றோர் ஆய்வு, அறுவைச் சிகிச்சையே மேல் என்றது. ஆனால், கல்லீரல் ஏற்கெனவே சுருங்கிப்போய், அறுவையைத் தாங்க இயலாத நோயாளிக்கு ஊசிதான் பெரும்பாலும் கைவசமுள்ள வழி.

கொச்சியின் பங்கு

ஊசியின் எல்லையை விரிவாக்க முடியுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது, கொச்சி அமிர்தா நானோ அறிவியல் மற்றும் மூலக்கூறு மருத்துவ மையம். அங்குள்ள சாந்திகுமார் நாயர், மன்சூர் கோயக்குட்டி உள்ளிட்டோர் அடங்கிய குழு, எலும்பின் மூலப்பொருளான கால்சியம் பாஸ்பேட்டைக் கொண்டு நுண்துகள்களை உருவாக்கியது. அவற்றில் சிறிதளவு இரும்பு அயனிகள் சேர்க்கப்பட்டன.

இரும்பு சேர்த்ததால் இரண்டு பயன்கள் கிடைத்தன. முதலாவது, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் துகள்கள் தெளிவாகத் தெரிந்தன. கட்டி எங்கு முடிகிறது, நல்ல கல்லீரல் எங்கு தொடங்குகிறது என்ற எல்லையைக் காண முடிந்தது. இரண்டாவது, ரேடியோ அலை பட்டபோது துகள்களும் சூடாகின. ஊசி தரும் சூட்டுக்கு அவை துணை நின்றன. கல்லீரல் கட்டியுள்ள எலிகளில் இது சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2017-ம் ஆண்டு 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' என்ற சர்வதேச ஆய்விதழில் வெளியிடப்பட்டன. துகள்கள் கல்லீரல், பித்தம் வழியாக உடலைவிட்டு வெளியேறுவதற்கான அறிகுறிகளும் ஸ்கேனில் காணப்பட்டன.

எலியில் கிடைத்த வெற்றி மனிதனுக்கு வந்து சேர நெடுந்தொலைவு செல்ல வேண்டும். எலியின் கல்லீரல் மனிதக் கல்லீரலில் மிகச் சிறு பகுதியே. அதில் போதுமான சூடு, மனிதனிடம் போதாமற்போகலாம். சூட்டுடன் மருந்தையும் சேர்த்துச் செலுத்திய மற்றொரு முயற்சி இதற்கு எச்சரிக்கையாக உள்ளது. வெப்பம் பட்டதும் மருந்தை வெளிவிடும் நுண்கொழுப்புக் குமிழிகளை ஊசிச் சிகிச்சையுடன் சேர்த்து, 701 கல்லீரல் புற்றுநோயாளிகளிடம் பல நாடுகளில் சோதித்தனர். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை என 2013-ல் அறிவிக்கப்பட்டது.

கல்பாக்கமும் மும்பையும்

ஊசியே இல்லாமல் உள்ளே சூடாக்கும் வழியும் ஆராயப்படுகிறது. இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைக் கட்டிக்குள் செலுத்தி, வெளியிலிருந்து வேகமாகத் திசை மாறும் காந்தப் புலத்தைச் செலுத்தினால் துகள்கள் மட்டும் சூடாகும். நிணநீர் முடிச்சுகளை இவ்வாறு சூடாக்கலாம் என்று 1957-லேயே அமெரிக்காவில் கில்கிறிஸ்ட் குழுவினர் ஆய்வு வெளியிட்டனர்.

இந்தியாவில், மும்பை ஐ.ஐ.டி.யில் திரேந்திர பகதூர் தலைமையிலான குழு இத்துறையில் நெடுநாள் பணியாற்றியுள்ளது. தமிழகத்தின் கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஜான் பிலிப் குழுவினர், காந்தத் திரவங்கள் எவ்வளவு சூடாகின்றன என்பதை, தொடாமலேயே வெப்பத்தை அளக்கும் அகச்சிவப்புக் கேமரா மூலம் அளந்து ஆய்வுகளை வெளியிட்டுள்ளனர். இதில் அளவீடே உயிர்நாடி. உள்ளே எத்தனை டிகிரி என்று தெரியாமல் சூடாக்குவது, கண்ணைக் கட்டிக்கொண்டு சமைப்பதற்கு ஒப்பாகும்.

ஜெர்மனியில் மூளைப் புற்றுக்கென உருவாக்கப்பட்ட இத்தகைய சிகிச்சைக்கு 2010-ல் ஐரோப்பிய ஒப்புதல் கிடைத்தது. எனினும், அதைத் தயாரித்த நிறுவனம் 2022-ல் திவால் நிலைக்குச் சென்றது.

மிதமான சூடு

கட்டியைச் சுட்டுக் கொல்லாமல், 40 முதல் 44 டிகிரி வரை மிதமாகச் சூடாக்கி, கதிர்வீச்சுச் சிகிச்சையின் திறனைக் கூட்டும் முறையும் உண்டு. கதிர்வீச்சால் சிதைந்த மரபுப் பொருளைச் செல் தானே சரிசெய்துகொள்வதைச் சூடு தடுக்கிறது என்பதே இதன் அடிப்படை.

நெதர்லாந்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய பெண்களிடம் கதிர்வீச்சு மட்டும் அளித்தபோது 3 ஆண்டுகளுக்குப் பின் 27 சதவீதம் பேரும், சூட்டையும் சேர்த்து அளித்தபோது 51 சதவீதம் பேரும் உயிருடன் இருந்தனர் என 2000-ம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. மும்பை நானாவதி மருத்துவமனையில் நாகராஜ் ஹுயில்கோல் குழுவினர் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், கட்டி முழுமையாக மறைந்தவர்கள் கதிர்வீச்சு மட்டும் பெற்றோரில் 42 சதவீதம். சூடும் பெற்றோரில் 79 சதவீதம்.

அதே வேளையில், சர்வதேச அணுசக்தி முகமையின் ஆதரவில் கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்ட 110 பெண்களிடம் நடத்தப்பட்டு 2005-ல் வெளியான ஆய்வில் சூட்டால் கூடுதல் பலன் எதுவும் தென்படவில்லை. இவ்வேறுபாட்டுக்குச் சூடு கட்டியை உண்மையில் எட்டியதா என்பதே முக்கியக் காரணமாக விவாதிக்கப்படுகிறது. கேள்வி மீண்டும் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. சூடு பிறந்தால் மட்டும் போதாது. போய்ச் சேர வேண்டும்.

வேண்டாத இடத்தில் சூடு

வேண்டாத இடத்தில் பிறக்கும் சூடு உயிரைப் பறித்ததும் உண்டு. மூட்டுவலி, முதுகுவலிக்கு பிசியோதெரபி மையங்களில் அளிக்கப்படும் டயாதெர்மி எனும் மின்காந்த அலைச் சிகிச்சையும் உடலுக்குள் வெப்பத்தை உண்டாக்குவதே. மூளையில் மின்தூண்டல் கருவி பொருத்தப்பட்டிருந்த இருவர், இச்சிகிச்சைக்குப் பின் இறந்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002-ம் ஆண்டு டிசம்பரில் எச்சரித்தது. அவர்களுள் ஒருவர் வாய் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும், மற்றவர் முதுகெலும்பு வளைவுக்காகவும் டயாதெர்மி பெற்றவர்கள். உள்ளிருந்த உலோகக் கம்பி ஏரியல் போல அலைகளை ஈர்த்து, அதன் முனையில் மூளைத் திசுவைச் சிதைத்துவிட்டது.

எனவே, பேஸ்மேக்கர், மூளைத் தூண்டல் கருவி, காது உள்வைப்புக் கருவி ஆகியவற்றைப் பொருத்திக்கொண்டவர்கள் டயாதெர்மி, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஆகியவற்றுக்கு முன் அதை அவசியம் தெரிவிக்க வேண்டும். உடலில் வைக்கப்படும் கருவிகளின் வெளிப்பரப்பு, சுற்றியுள்ள திசுவின் இயல்பான 37 டிகிரியைவிட 2 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்பதே சர்வதேசத் தர நிர்ணயத்தின் பொது விதி.

ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன்

ஆய்வகங்கள் அந்த 3 செ.மீ. எல்லையை விரிவாக்கப் போராடுகின்றன. அதே எல்லைக்குள் நோயாளியைக் கொண்டுவர இன்னொரு எளிய வழி இன்றே இருக்கிறது. அது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்.

கல்லீரல் புற்று பெரும்பாலும் நலமாக உள்ள கல்லீரலில் தோன்றுவதில்லை. மஞ்சள் காமாலை 'பி', 'சி' வைரஸ்கள், மதுப்பழக்கம், சர்க்கரை நோயுடனும் உடல் பருமனுடனும் வரும் கொழுப்புக் கல்லீரல் ஆகியவற்றால் ஏற்கெனவே பழுதடைந்து சுருங்கிய கல்லீரலில்தான் அது பெரும்பாலும் வளர்கிறது. யாருக்கு வரக்கூடும் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்க முடிகிற புற்றுநோய் இது.

ஆனால், தொடக்கத்தில் வலி இருப்பதில்லை. வலியும் எடைக் குறைவும் வயிற்றில் நீர்க்கோப்பும் தெரியும்போது கட்டி ஊசியின் எல்லையைக் கடந்துவிட்டிருக்கும். இதனால்தான், சுருங்கிய கல்லீரல் உள்ளவர்கள் உடலில் தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டு நெறிகள் வலியுறுத்துகின்றன. இந்திய நிலைமைக்கேற்ற நெறிமுறைகளை, கல்லீரல் ஆய்வுக்கான இந்திய தேசிய சங்கம் 'புரி பரிந்துரைகள்' என்ற பெயரில் 2014-ல் வெளியிட்டது.

மத்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் 'பி' வகைத் தடுப்பூசி 2002-ல் சோதனை முறையில் சேர்க்கப்பட்டு, 2011-ல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 2018-ம் ஆண்டு ஜூலை 28-ல் தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் மஞ்சள் காமாலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் இவ்வகை நோய்களுக்கு இலவசப் பரிசோதனையும் சிகிச்சையும் அளிக்கப்படுகின்றன. தடுப்பூசி பெற்ற தலைமுறை நடுவயதை எட்டும்வரை, ஏற்கெனவே வைரஸைச் சுமந்து வாழ்பவர்களுக்குப் பாதுகாப்பு அளிப்பவை மருந்தும் இடைவிடாத ஸ்கேன் பரிசோதனையும்தான்.

நுண்துகள் மருந்துகளை மதிப்பிடுவதற்கான நெறிமுறைகளை மத்திய அரசு 2019-ம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்டுள்ளது. கொச்சியில் எலிகளிடம் சோதிக்கப்பட்ட துகள் போன்றவை மனிதர்களுக்கு வர வேண்டுமானால், நச்சுத்தன்மை, உடலில் தங்கும் காலம், வெளியேறும் வழி என ஒவ்வொன்றையும் நிரூபித்தாக வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம்; முடியாமலும் போகலாம்.

அதுவரை கல்லீரல் நோயாளிக்கு உதவக்கூடிய சூடு 3 செ.மீ. வட்டத்துக்குள்தான் இருக்கிறது. இடக்கொச்சியின் குளிர்பதனக் கிடங்குகளில் சரக்கு கெட்ட பின் வெப்பமானியைப் பார்ப்பவர் யாருமில்லை. கெடுவதற்கு முன்பே பார்க்கிறார்கள். பழுதடைந்த கல்லீரலுடன் வாழ்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் அறைக்குச் செல்ல வேண்டியதும் அதே காரணத்துக்காகத்தான்.